மொத்தமாக எடுத்த மஞ்சள் குறிகள்

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவளை நூலக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் எழுதுவது லிஃப்டுகளை இயக்கும் மென்பொருள். வாடிக்கையாளர் ‘இது வேண்டும்’ என்று கேட்ட ஒவ்வொன்றும் வடிவமைப்பில் எங்கே வந்திருக்கிறது, எந்தச் சோதனையில் சரிபார்த்திருக்கிறோம் என்று நூல் பிடித்தாற்போலக் கடைசிவரை போய்ப் பார்ப்பது அவள் வேலை. நடுவில் எங்காவது அறுந்திருந்தால் நம் மேசைக்கு வந்து நின்றுவிடுவாள். டீ ஆறிப்போகும், அவள் நகரமாட்டாள். பக்கத்து இருக்கைக்காரியான எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். முற்பிறவியில் உடும்பாக இருந்தாயா என்று கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே நிற்பாள்.

கேட்டதில் ஒரு எழுத்து மாறினாலும், அதோடு இணைந்த வடிவமைப்பு, சோதனை எல்லாவற்றின் மேலும் கணினி மஞ்சள் குறி போட்டுவிடும். இதை மறுபடியும் பார் என்று அர்த்தம். ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, உரியவரைக் கேட்டுவிட்டுத்தான் குறியை எடுக்க வேண்டும். யார் அப்படிச் செய்கிறார்கள்? நூலக்கா செய்வாள்.

ஒரு முறை வாடிக்கையாளர், தங்கள் நிறுவனத்தின் புதுப் பெயரை ஆவணம் முழுக்க மாற்றி அனுப்பினார். திரை முழுக்க மஞ்சள். நூலக்கா பாதிக்கு மேல் திறந்து பார்த்தாள். பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை. அதற்குள் மகளுக்குக் காய்ச்சல், உடனே வாருங்கள் என்று பள்ளியிலிருந்து போன். மிச்சத்தையெல்லாம் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, மஞ்சளை மொத்தமாக எடுத்துவிட்டு ஓடினாள்.

அந்தக் குவியலுக்குள் உண்மையான மாற்றம் ஒன்று இருந்தது. எலும்பு முறிவுக்குச் சிகிச்சை தரும் கட்டடத்தின் லிஃப்ட் அது. நோயாளிகள் மெதுவாக நடப்பார்கள், அதனால் கதவு இன்னும் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வடிவமைப்பாளருக்கு அந்தச் செய்தி போகவே இல்லை. சோதனையும் பழைய நேரத்தையே அளந்து ‘சரி’ என்றது.

லிஃப்ட் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் புகார் வந்தது. வாக்கரைப் பிடித்தபடி ஏறப்போன ஒரு அம்மா, கதவு மூடுவதைக் கண்டு பதறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

பழி வடிவமைப்பாளர் தலையில் விழுந்தது. வயதில் மூத்தவர் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் சித்தப்பா. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அலுவலகம் முழுக்கத் தேடுகிற ஆள். குறி எடுபட்டிருக்கிறதென்றால் உங்களைக் கேட்டுத்தானே எடுத்திருப்பார்கள் என்று எல்லோரையும் கூட்டிவைத்துக் கேட்டார் மேலாளர். நூலக்கா கேட்காமல் எடுப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. சித்தப்பாவுக்கே தோன்றவில்லை.

“அவ கேக்காம விடமாட்டா. நான்தான் தலையாட்டிட்டு மறந்திருப்பேன்,” என்றார். மறுநாளே வேலையை விட்டு விலகுவதாக எழுதித் தரவும் ஒப்புக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் நூலக்கா கழிவறைக்குப் போய் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். பின்னாலேயே போய் என்னடி என்று உலுக்கினேன். எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷன் உன்னை நம்பித் தன்னையே சந்தேகப்படுகிறார், நீ கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாயே என்று கத்தினேன். வேலை போய்விடும் என்று பயமா என்றும் கேட்டேன்.

“அது இல்ல. இனிமே யாரும் என்னை நம்பமாட்டாங்க. அதான் வாய் வரல,” என்றாள். அழவில்லை. தன்னைக் கண்டாலே அருவருப்பாக இருக்கிறது என்றாள்.

சாயங்காலத்துக்குள் மேலாளரிடமும் சித்தப்பாவிடமும் போய்ச் சொன்னாள். மேலாளர் குதித்தார். சித்தப்பா திட்டவில்லை.

“அப்போ நான் மறக்கலையா?” என்று மட்டும் கேட்டார்.

சித்தப்பா வேலையில் நீடித்தார். நூலக்காவுக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அதெல்லாம் அவளுக்கு உறைக்கவே இல்லை. அடிபட்ட அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று முகவரி வாங்கினாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

லிஃப்ட் ஆட்கள் என்றதும் அந்த அம்மா முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னால் எங்களுக்கு வீண் அலைச்சல் என்று வருத்தப்பட்டார். என் நடை ஆமை நடை, கொஞ்சம் வேகமாக ஏறியிருக்க வேண்டும், தப்பு என்மேல்தான் என்றார்.

“இல்லம்மா. நீங்க மெதுவாத்தான் வருவீங்க, கதவு காத்திருக்கணும்னு முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருந்தாங்க. நான்தான் படிக்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க,” என்றாள் நூலக்கா.

அந்த அம்மா மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

“என் ஆமை நடையாலதான் விழுந்தேன், இனிமே தனியா வாசலைத் தாண்டக்கூடாதுன்னு என் பையன் சொல்லிட்டான். நானும் சரின்னுட்டேன். இப்ப வந்துடுவான். இதை அவன்கிட்ட நீயே சொல்லு,” என்றார்.

நூலக்கா தலையாட்டினாள். அவர் மகன் வரும்வரை நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.