சத்தம் அடக்கிய வண்டி

இருதயநாதனின் மோட்டார் சைக்கிள் பெருமுக்கல்லைத் தாண்டும்போதே மரக்காணத்து டீக்கடையில் அவருக்கு டீ போட ஆரம்பித்துவிடுவார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அப்படி ஒரு சத்தம்.

மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி. அதில் எது பழைய சாமான், எது தான் மாட்டியது என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. பின்னால் ஜீப் டயர். கழுவெளி ஏரிச் சேற்றில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போக, முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பனம்பலகை. "கம்பெனிக்காரன் பாதி வண்டிதாங்க செய்றான். மீதிய ஓட்றவன்தான் செய்யணும்" என்று தன் மெக்கானிக் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சைலன்சரின் உள்குழாயை உருவிப் போட்டதற்கும் நியாயம் வைத்திருந்தார். உப்பளத்து வரப்பு குறுகலானது, சத்தம் கேட்டால்தான் முன்னால் போகிறவர்கள் ஒதுங்குவார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை அந்தச் சத்தத்தை அவரே அடக்கினார். பெரிய வியாழன் இரவிலிருந்து கோயில் மணி அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆண்டவர் சாவுக்கு மணியே வாயை மூடிக்கொள்ளும்போது நம் வண்டி கத்தலாமா என்று அவருக்குப் பட்டது. சைலன்சர் வாலில் ஒரு ஆயில் டின்னை வெல்டிங் வைத்து, உள்ளே அஸ்பெஸ்டாஸ் கயிற்றைத் திணித்தார். வண்டி பூனை மாதிரி நடந்தது. அந்தப் பெருமையோடு மூன்று மணி வழிபாட்டுக்கு உப்பளத்துக் குறுக்குவழியில் கிளம்பினார், பாவி மனுஷன்.

உப்பளத்து ஆட்களுக்கு அன்று லீவு கிடையாது. எல்லோரும் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான கலியமூர்த்தியின் மனைவி ஆராயி மட்டும் அலுமினியக் குடத்தோடு தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடல்காற்று எதிரே அடித்தது. எப்போதும்போல ஒதுங்கிவிடுவாள் என்று இருதயநாதன் நினைத்தார். வண்டியின் சத்தத்தை அடக்கியது அந்த நேரம் அவர் நினைப்பிலேயே இல்லை. பனம்பலகை அவள் காலைத் தட்டியது. குடம் உருண்டது. அவள் தலை மதகுக் கல்லில் மோதியது. இறங்கிப் பார்த்தார், மூச்சு இல்லை. ஓடிவிட்டார். அன்று சாயங்காலமே டின்னைக் கழற்றிக் கால்வாயில் எறிந்தார்.

டயர் தடத்தைப் பார்த்துப் போலீஸ்காரர் இருதயநாதன் பெயரை எடுத்தபோது மறித்துப் பேசியது கலியமூர்த்திதான்.

"அவன் தெனம் போற வழிங்கய்யா, தடம் இருக்கத்தான் செய்யும். அவன் வண்டி வந்திருந்தா எங்க அத்தன பேரு காதுலயும் விழாம போயிருக்குமா? கால் வழுக்கி வுழுந்துட்டா."

அதோடு கேஸ் முடிந்தது. இருதயநாதனுக்கு முடியவில்லை. வண்டி எவ்வளவு கத்தினாலும் நடுவே அவர் காதில் ஒரு குடம் உருண்டது. மூன்று தடவை என்ஜினைப் பிரித்துப் பார்த்தார், ஒரு நட்டுகூட லூசாக இல்லை. வண்டியை நிறுத்திய பிறகும் குடம் உருண்டது. கோயிலில் நற்கருணை நன்மை வாங்க எல்லோரும் எழும்போது அவர் கடைசிப் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டார். வழியில் பார்க்கும்போதெல்லாம் கலியமூர்த்தி, "ஏம்பா, இளைச்சிட்டியே" என்று விசாரித்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த வருஷம் பெரிய வெள்ளி. இன்னொரு டின், இன்னொரு முழம் கயிறு. பகல் இரண்டு மணிக்கு வண்டியை மெல்ல வரப்பில் ஓட்டிக்கொண்டு வந்தார். கலியமூர்த்தி முதுகைக் காட்டி உப்பு வாரிக்கொண்டிருந்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில், என்ஜினை அணைக்காமலே நின்றார். திரும்பிப் பார்த்துவிடு என்று மனசு கெஞ்சியது. கலியமூர்த்தி திரும்பவில்லை.

"அண்ணே."

திடுக்கிட்டுத் திரும்பினார். வண்டியைப் பார்த்தார். வாலில் புகை வந்துகொண்டிருந்தது. டேங்கின் மேல் கையை வைத்தார், அது அதிர்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கும் இப்டித்தான் வந்தியா?"

"ஆமாண்ணே."

"அவ திரும்பிப் பாத்தாளா?"

"இல்லண்ணே."

கலியமூர்த்தியின் உதடு கோணியது. "என் வாயாலயே உன்ன வுடச் சொன்னனேடா" என்றார். பிறகு, "எறங்கு. ஸ்டேஷனுக்கு நடந்தே போலாம். நீ முன்னால போ" என்றார்.

இருதயநாதன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். கலியமூர்த்திக்கு வெறுங்கால், ஈர வரப்பில் காலடி கேட்கவே இல்லை. பின்னால் வருகிறாரா, என்ன செய்கிறார் என்று இருதயநாதன் பத்தடிக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.