அக்கா போடாத வட்டம்

எங்கள் பட்டறையில் விமானக் கதவுகளுக்கான கார்பன் ஃபைபர் பலகைகளைச் சோதிப்பவருக்குக் காசக்கா என்று பெயர். கையில் ஒரு பழைய காசு. அதைக்கொண்டு பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் கணீரென்னும். உள்ளே அடுக்குகள் பிரிந்த இடம் பொத்தென்னும். பதினெட்டு வருடம் அந்தக் காதைத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

இரும்பில் அடி விழுந்தால் பள்ளம் தெரியும். கார்பனில் விழுவது ஊமைக்காயம். மேலே பளபளப்பு மாறாது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு அடுக்குகள் விட்டுப்போயிருக்கும். அதனால் ஒரு கட்டுப்பாடு: கருவி கைதவறினால் விழுந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். போட்டவரை யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது. போடாதவருக்கு வேலை போகும்.

பலகையின் உட்புறத்தைப் படமெடுக்கும் ஸ்கேன் இயந்திரத்தோடு நான் சேர்ந்த அன்று அக்கா சிரித்தார். "எனக்குச் சக்களத்திய கூட்டிட்டு வந்துட்டியா?"

பத்துப் பலகைக்கு ஒன்றைத்தான் ஸ்கேன் செய்வோம். ஆறாம் மாதம், அக்கா 'சரி' என்று கையெழுத்திட்ட பலகையின் ஸ்கேன் படத்தில், அடுக்கு பிரிந்ததைக் காட்டும் கறுப்புத் திட்டு தெரிந்தது. பலகைமேல் வட்டம் இல்லை.

"இதுமேல ஏதாவது விழுந்துச்சாக்கா?"

"ஸ்பேனர். உடனே தட்டிப் பார்த்தேனே, நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் எதுக்கு வட்டம்?"

காசை வாங்கி நானே தட்டினேன். பழகாத என் காதுக்கே பொத்தென்றது. நிமிர்ந்தால், அக்கா பலகையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாக்கா?"

"இடது காது போய் மூணு வருஷம். வலது, இந்த மழைக்கு அப்புறம். விரல்ல அதிர்வு தெரியும்மா, பேசுறது உதட்டப் பார்த்தா புரியும், அத வச்சே ஓட்டிட்டேன். பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பிருக்கு. எங்க வீட்டுல மொத பட்டம். ரிப்போர்ட்ல பலகையப் பத்தி எழுதிக்கோ. காதைப் பத்தி எழுதாத."

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதற்காக அம்மா எதையெல்லாம் மறைத்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

மழைக்குப் பின் அக்கா தட்டிய நாற்பத்தொரு பலகைகள் வெளியே போயிருந்தன. காதைப் பற்றியும் எழுதினேன்.

திருப்பி வரவழைத்ததில் இரண்டு பலகைகளில் ஊமைக்காயம் இருந்தது. நான் எழுதியது சரிதான் என்றார் மேலாளர். அதற்குள் அக்காவை அனுப்பிவிட்டிருந்தார்கள்.

அவர் போன அன்று வாசல்வரை ஓடினேன். பின்னாலிருந்து இரண்டுமுறை, "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கேட்காமல்தான் போனாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.