பாதைச் சத்தம்

என் மடிக்கணினியில் ‘பாதை’ என்ற பெயரில் ஓர் ஒலிப்பதிவு கிடக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் மிஸ்ஸின் மேல் வருகிற கோபம் இன்னும் ஆறவில்லை.

நாடகத்துக்கு ஒலியமைக்கக் கற்கவென்று பல்கலைக்கழகம் போன எனக்கு மிஸ்தான் விரிவுரையாளர். நெறியாளராக அவர் கெட்டிக்காரி. அதை மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் ஒலியைப் பற்றி அவரிடம் இருந்தவை ‘கூட்டு’, ‘குறை’ என்ற இரண்டு சொற்கள்தான். ஒளியமைப்புக்கு நாட்கணக்கில் ஒத்திகை நடக்கும். எங்களுக்கு மூலையில் ஒரு மேசையும் ஒரு பிளக்கும் கிடைக்கும்.

இறுதியாண்டு நாடகத்தில்தான் ஒலி முழுவதையும் என்னிடம் தந்தார். வெளிநாடு போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் கதை, அவரே எழுதியது. பிரதியில் ஓரிடம்: ‘தூரத்தில் பாதைச் சத்தம். தாய் எழும்புகிறாள்.’ வாசித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் வாவிக்கரை மண்டூரான். எங்களுக்குப் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியில் ஓடுகிற மிதவை. மற்றதை றோட்டு என்போம். துறையடியில் குந்தியிருந்து, இயந்திரம் இரைந்து வருவதையும், கரை நெருங்க அது தணிவதையும், இறங்கு பலகை கல்லில் விழுவதையும் பிடித்தேன். காற்றடித்துப் பதிவு கெடக் கெடத் திரும்பத் திரும்பப் போனேன். அந்தத் தாயை எழுப்பப்போவது என் சத்தம் என்ற நினைப்பில் பசியும் தெரியவில்லை.

ஒத்திகையில் போட்டேன். மிஸ் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இதென்ன, நெல்லுக் குத்துற மில்லோ?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“பாதை மிஸ்.”

“பாதையெண்டா றோட்டுத்தானே. பஸ் சத்தம் ஒண்டு போடும்.”

மிஸ் யாழ்ப்பாணம். விளக்கிச் சொன்னேன். “சனத்துக்கு விளங்காது” என்றார். எந்தச் சனத்துக்கு? நாடகம் போகவிருந்தது பாதை ஓடுகிற பழுகாமத்துக்கும் மண்டூருக்கும்! கடைசியில் இணையத்தில் இறக்கிய எந்த ஊர் பஸ்ஸோ ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நடிகை எழும்பினாள். சபையில் ஒருவரும் அசையவில்லை.

போன மாதம் மிஸ் அழைத்தார். புதிய நாடகத்தில் அரிசி ஆலைக் காட்சி வருகிறதாம். “உம்மட்ட அந்த மில் சத்தம் இருக்குத்தானே, அனுப்பிவிடும்.” பாதைப் பதிவை அனுப்பினேன்.

அக்கரைப் பாடசாலையில் அந்த நாடகம் மேடையேறிய அன்று அம்மாவையும் கூட்டிப்போனேன். திரும்புவதற்குப் பாதையைப் பிடிக்க வேண்டும் என்ற அந்தரம் அவருக்கு. பாதி நாடகத்தில் கண்ணயர்ந்துவிட்டார். மேடையில் மூட்டை சுமந்தார்கள்; என் சத்தம் எழுந்தது. அம்மா திடுக்கிட்டு விழித்து, காலால் செருப்பைத் துழாவினார்.

“எழும்பு மகன், பாதை வந்திட்டு!”

எழும்பி நின்றவர், மேடையைப் பார்த்துத் திகைத்து மறுபடி இருந்தார். எங்களுக்கு முன்னால் இருந்த சிலரும் வாவிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிந்ததும் மிஸ் வந்து மெச்சித் தோளில் தட்டினார். “மில் அந்தமாதிரி இருந்தது!” அம்மா எழும்பியதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒளியமைத்தவரைப் பாராட்டப் போய்விட்டார்.

அந்தப் பதிவின் பெயரை நான் மாற்றவில்லை. அதைக் கேட்டு ஒரு தாய் எழும்பத்தான் செய்தார், நாடகம்தான் வேறு.