தள்ளிக்கொண்டு போன வண்டிக்கு ஓவர் ஸ்பீடு

இன்று காலை போனில் ஒரு சலான் வந்தது. போன பௌர்ணமி சாயங்காலம் செங்கம் ரோட்டில் என் ஸ்கூட்டர் எழுபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் பறந்ததாம்.

பௌர்ணமியன்று! செங்கம் ரோட்டில்!

கிரிவலக் கூட்டத்தில் அன்று கால் வைக்க இடமிருக்காது. எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டு, "கொஞ்சம் வழி விடுங்க சாமி" என்று கெஞ்சிக்கொண்டே வீடு வரைக்கும் தள்ளித்தான் போவோம்.

சலானோடு வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் நான் வண்டிமேல் உட்காரவே இல்லை. பக்கத்தில் நடந்து, தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

நேரே போய் அபராதம் கட்டும் கவுண்டரில் காட்டினேன்.

"மெஷின்ல ஏறிடுச்சு சார். கட்டிட்டு போயிடுங்க, கேஸுன்னு போனா அலைச்சல் ஜாஸ்தி" என்றார் அங்கிருந்தவர்.

"போட்டோவுல நான் என்ன பண்றேன்னு நீங்களே சொல்லுங்க."

உற்றுப் பார்த்தார். "தள்ளிட்டுதான் போறீங்க. ஆனா நம்பர் உங்க வண்டி நம்பர்தானே?"

போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் மனைவியும், "தொலையுது, கட்டிட்டு வேலைய பாருங்க" என்கிறாள். கட்ட மாட்டேன். கட்டினால் அந்தக் கூட்டத்துக்குள் நான் அப்படி ஓட்டினேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கோர்ட்டுக்கே போகிறேன்.

அதே போட்டோவில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா வெறுங்காலோடு என்னைத் தாண்டி நடக்கிறார். அப்படியானால் அவர் வேகம் எண்பதாவது இருக்கும். அம்மா, உங்களுக்கும் சலான் வந்திருந்தால் சொல்லுங்கள். ஒரே வக்கீலாகப் பார்த்துக்கொள்வோம்.