அமாவாசையன்று ஓடிய தறி

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ஆரணியில், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில்தான் அப்போதும் இப்போதும் எங்கள் வீடு. நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு தறியில் பட்டு நெய்வோம். இரண்டு பிள்ளை பெற்று, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்து, நான் நன்றாகவே பருத்துவிட்டிருந்தேன். கொழுந்தனார் கல்யாணத்துக்குக் கட்டலாமென்று என் முகூர்த்தப் புடவையை வெளியே எடுக்கும்வரை அது எனக்கு ஒரு கவலையாகவே இல்லை. புடவை சமர்த்தாக இடுப்பைச் சுற்றி வந்தது. ஜாக்கெட்தான் முழங்கைக்கு மேல் ஏற மாட்டேனென்று அடம்பிடித்தது.

அந்த நேரம் பார்த்து, தெருவில் வளையல், பொட்டு விற்க வரும் அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரில் மஞ்சள் மாத்திரைகளைக் காட்டினாள். கவரில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போடுங்கக்கா. கொழுப்பு கரைஞ்சிகினே போவும். கல்யாணத்துக்குள்ள பாதியாயிடுவீங்க” என்றாள்.

வேறு யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் பட்டுக்காரி. பதப்படுத்தாத பச்சைப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்தால் பசை கழன்று, கிலோவுக்குக் கால் கிலோ குறைவதைப் பார்த்தே வளர்ந்தவள். நூலுக்கு ஆவது உடம்புக்கு ஆகாதா? பசை சரியாகப் போகாவிட்டால் சோப்பைக் கூட்டுவோம் அல்லவா, அதே மாதிரி இரண்டு மாத்திரையை நான்காக்கினேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பசி பறந்தது. கூடவே தூக்கமும் பறந்தது. நாக்கு வறண்டது. கை நடுங்கி இழைகளை அறுத்துத் தள்ளினேன். “இன்னா பேஜாரா கீது” என்று வீட்டுக்காரர் முறைத்தார். ஆனால் ஜாக்கெட் தோள்வரை ஏறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அப்புறம் அமாவாசை வந்தது. அன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டோம். மத்தியானம் சற்றுப் படுத்தேன். டக்கு டக்கு, டக்கு டக்கு என்று தறிச்சத்தம். எதிர் வீட்டு அக்காதான் திருட்டுத்தனமாக நெய்கிறாள் என்று முடிவு கட்டி, நேராக அவள் வாசலில் போய் நின்று கத்தினேன். “இன்னாக்கா, அமாவாசையும் அதுவுமா தறி ஓட்டிகினு கீற?”

அவள் முறத்தோடு வெளியே வந்தாள். “அரிசி பொடச்சிகினு கீறேன்டி. தறிய துணி போட்டு மூடி வச்சிகீறேன், வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. தெருவே அமைதியாக இருந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. என் கையைப் பிடித்தவள் திடுக்கிட்டு, என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். “ஐயோ, உன் உள்ளதாண்டி ஓடுது!”

அதோடு எனக்குக் கண் இருட்டியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டாயென்று கேட்டார். பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றதால், “சத்து மாத்திரைங்க” என்றேன். உயிர் போகிற நேரத்திலும் எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது. கூட வந்த அக்கா என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, அதே மஞ்சள் மாத்திரைகளை மேஜைமேல் கொட்டினாள்.

“இதுதாங்க. இவ இளைச்சத பாத்துட்டு, அந்தப் பொட்டுக்காரம்மா கிட்ட நேத்துதான் நானும் வாங்கனேன். இன்னும் போடல.”

டாக்டர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல என்ன கலந்திருக்குன்னு எனக்கே தெரியாது. இன்னும் ரெண்டு நாள் போட்டிருந்தா, உங்க எடைய நாலு பேர் தூக்கிப் பாத்திருப்பாங்கம்மா.”

நான் அழுதேன். ஒரு மாத்திரைகூடப் போடாத அக்கா என்னைவிடச் சத்தமாக அழுதாள்.

மூன்று நாள் கழித்து வீடு திரும்பினேன். ஜாக்கெட் கொடியில் தொங்கியது. வீட்டுக்காரர் அதைத் தையல்காரரிடம் கொடுத்து, கையிலும் இரண்டு பக்கமும் பட்டை வைத்துத் தைத்து வாங்கி வந்திருந்தார். அரை மணி நேர வேலையாம்.

அக்கா இன்றும் அமாவாசையானால் எதிர் வாசலிலிருந்து, “இன்னாடி, இன்னிக்கும் ஓட்டிகினு கீறியா?” என்று சீண்டுவாள். நானும் சிரிப்பேன். ஆனால் தெரு அடங்கியதும் கை தானாக நெஞ்சுக்குப் போய்விடும். உள்ளே அது பாட்டுக்கு நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும். அரை மணி நேரத் தையல் வேலைக்காக இதையா நிறுத்தப் பார்த்தேன் என்று இப்போதும் உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கும்.