ராணி பிரித்துப் பார்க்காத மூட்டை

எங்கள் அக்கா ஒரு கோடையில் தொடங்கி ஆடி மாதம் வரை கடற்கொள்ளைக்காரிகளின் ராணியாக இருந்தாள். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில், எங்கள் வயலுக்குக் கீழே ஓடும் ஓடை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து மறுபடியும் சேரும். நடுவில் ஒரு பாறைத் திட்டு, அதன்மேல் ஒரு நாவல் மரம். அதுதான் அவளுடைய தீவு.

இந்த யோசனையை மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. லாரி ஓட்டுகிறவர். பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றிப்போக வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கதை சொல்வார். நடுக்கடலில் ஒரு தீவாம். அங்கே பெண்கள் மட்டும்தானாம். ஒவ்வொருத்தியும் வேல் பிடித்தவள். கப்பம் கட்டாமல் எந்தக் கப்பலும் அந்த வழியாகப் போக முடியாது. அவர்களுடைய ராணி எந்த ராஜாவுக்கும் தலை குனிந்ததில்லை. மாமா கடலையே பார்த்ததில்லை என்பது அவருடைய அறுபதாம் கல்யாணத்தில்தான் வெளியே வந்தது.

கதையைக் கேட்ட மறுநாளே அக்கா ஆட்சிக்கு வந்துவிட்டாள். பக்கத்து வீடுகளின் பெண் பிள்ளைகள் படை வீரர்கள். ஐந்து வயதுத் தங்கைக்குத் தளபதிப் பதவி, வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அழுவாள் என்பதற்காக. நுனியைச் சுட்டுக் கூராக்கிய மூங்கில் குச்சிகள் வேல்கள். மிளகு பறிக்க, கணுக்களில் கால் வைத்து ஏறும் பழைய ஒற்றை மூங்கில் ஏணி ஒன்றைத் திட்டில் நட்டு, அதன் உச்சியில் அப்பாவின் கிழிந்த துண்டைக் கொடியாகக் கட்டினாள்.

நான் கப்பல். மற்றப் பையன்கள் மாடு மேய்க்கப் போய்விட, கொள்ளையடிக்கப்படுவதற்கு நான் ஒருவன்தான் மிச்சம். தினமும் கொய்யாவோ அவித்த மரவள்ளிக் கிழங்கோ கரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

"நானும் ஒரே ஒரு தடவ தீவுக்கு வாரேன்க்கா."

"ஆம்பளக் காலு தீவுல படக்கூடாது. சட்டம்."

"தொரட்டியில நாவப்பழம் பறிச்சுக் குடுக்கறேன்."

"கப்பல் பேசக்கூடாது. போ."

வேல் பிடித்த பெண்கள் சிரிப்பார்கள். தங்கை எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

ஆடியில் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கும்வரை எல்லையைத் தாண்டி வெளியூரில் தங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. மீறினால் அம்மன் பொறுக்கமாட்டாள் என்பதில் பெரியவர்களுக்கே சந்தேகம் இருந்ததில்லை. அக்காவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. அவளுடைய வீரர்கள் பசித்தால் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். ஆகவே மஞ்சள் கிழங்கைத் துண்டு துண்டாக நறுக்கி, நூலில் கோத்து, ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் கட்டினாள்.

"அம்மன் மேல ஆண. கப்பம் வந்து சேர்ற வரைக்கும் யாரும் தீவ உட்டு எறங்கக் கூடாது" என்றாள். தன் கையிலும் கட்டிக்கொண்டாள்.

அன்றைய கப்பம் ஒரு பலாப்பழம். என்னால் தூக்க முடிந்த அளவுக்குச் சிறியது, நன்றாகப் பழுத்தது. வீட்டுக் கூடத்தில் இருந்த அதைத் துண்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் எங்கள் மாட்டுக்கொட்டகை. உள்ளே போய் உட்கார்ந்தேன். சட்டமும் சிரிப்பும் நினைவுக்கு வந்தன. பழத்தைப் பிளந்தேன். முடிந்தவரை தின்றேன். மிச்சத்தைச் சடை, தோல், கொட்டையோடு மாட்டுக்குப் போட்டேன். காத்துக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த வயதில் இவ்வளவு தெளிவாக ஒரு வன்மத்தை நினைக்க முடியும் என்பதை என்னை வைத்துத்தான் அறிந்தேன்.

கையில் ஒட்டிய பாலை வைக்கோலில் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஓடையின் சத்தம் மாறியது. எங்களுக்கு மழை இல்லை. மேலே, ஓடை பிறக்கும் காட்டில் பெய்திருக்கிறது. ஓடினேன்.

தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. தாண்டிப் போகும் கற்களில் பாதி மூழ்கிவிட்டன. பெரியவர்கள் எல்லோரும் கோயில் பந்தல் வேலையில் இருந்தார்கள். கூப்பிட்டால் கேட்காது. ஓடிப்போய் அழைத்து வருவதற்குள் மிச்சக் கற்களும் போய்விடும். திட்டில் பெண்கள் நாவல் மரத்தடியில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். தங்கை அழுதுகொண்டிருந்தாள்.

"எறங்குங்கடி! இன்னுஞ் சித்த நேரம் போனா தாண்ட முடியாது!" என்று அக்கா கத்தினாள்.

"கப்பம் வல்லியே. எறங்குனா அம்மன் கண்ணக் குத்திப்புடும்" என்றாள் ஒருத்தி.

"நாஞ் சொல்றேன், எறங்கு!"

"நீதானக்கா ஆண வெச்ச?"

அக்கா குனிந்து தங்கையைத் தூக்கப் போனாள். தங்கை மரத்தைக் கட்டிக்கொண்டு, காப்புக் கையை மார்போடு ஒடுக்கிக்கொண்டு, வரமாட்டேன் என்று அலறினாள். அக்காவின் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் வயிற்றில் கிடந்தது அவர்கள் இறங்குவதற்கான அனுமதி. காலடியில் பலாப்பழ அளவில் ஒரு கல் கிடந்தது. அதைத் துண்டில் சுற்றி, முடிந்து, தலைக்கு மேலே தூக்கிக்காட்டினேன்.

"கப்பம் வந்துருச்சு!"

அக்கா திரும்பினாள். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு முற்றத்தின் அகலத் தண்ணீர்தான். என்னையும் மூட்டையையும் பார்த்தாள்.

"பலாப்பழமாடா?"

"பலாப்பழந்தான்."

மூட்டையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு தன் காப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வந்துருச்சுடி! கைய நீட்டுங்க!" என்று ஒவ்வொருத்தி நூலையும் அறுத்தாள். தங்கை தானாகவே கையை நீட்டினாள்.

அடுத்து அக்கா செய்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தன் கொடிமரத்தைத் தானே பிடுங்கினாள். அந்த மூங்கில் ஏணியைத் தண்ணீருக்குக் குறுக்கே சாய்த்து, "மேல உக்காந்துக்கடா, எந்திரிக்காத" என்றாள். இந்த முனையில் நான் உட்கார்ந்தேன். அந்த முனையைப் பாறை இடுக்கில் செருகி அவள் அழுத்திப் பிடித்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் ஏணியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாகத் தங்கையைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் இறங்கினாள். அவள் விட்டதும் அந்த முனை ஆட்டம் கண்டது. பாதி வழியில் ஒருமுறை கால் வழுக்கியது. கரையேறியவர்கள் கையைக் கொடுத்து இழுத்துவிட்டார்கள். நான் எழுந்து, அவள் நிமிர்ந்து நிற்பதற்குள் ஏணி கொடியோடு போய்விட்டது.

எல்லோரும் அழுதோம், பிறகு எல்லோரும் சிரித்தோம். ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். அக்கா என் அருகில் வந்து மூட்டையை வாங்கினாள். பிரிக்கவில்லை. "இது கடலுக்கு" என்று சொல்லி அப்படியே வெள்ளத்தில் எறிந்தாள். துண்டும் போயிற்று.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இரவு சாப்பாட்டில், பழம் கைதவறித் தண்ணீரில் விழுந்துவிட்டதாகவும், உடனே கல்லைக் கட்டி அக்காவை ஏமாற்றியதாகவும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அன்று சரக்கு ஏற்ற வந்திருந்த மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "மூளக்காரன்டா சாமி! ஏனுங் ராணி, கல்லுக்கும் பழத்துக்கும் வித்தியாசந் தெரியலீங்களா?"

படையினரும் மறுநாள் அதையே கேட்டுச் சிரித்தார்கள். ஊரில் அவளுக்குக் 'கல்லுப்பழம்' என்று பெயர் விழுந்தது. அம்மா அவளை விளக்குமாற்றால் அடித்தாள். ஓடைப் பக்கம் போகக்கூடாது என்றார் அப்பா. எனக்கு மாமாவின் லாரியில் முன்னால் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிப் போகும் பரிசு கிடைத்தது. எதற்கும் தலை குனியாத அக்கா தலையைக் குனிந்துகொண்டு சோறு தின்றாள். உண்மையாகவே ஏமாந்துவிட்டாள் என்று நம்பினேன். பின்னாளில் கல்லூரியில் பாடம் நடத்தியபோது இந்தக் கதையைச் சமயோசித புத்திக்கு உதாரணமாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பழத்தைத் தின்றதை மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

போன மாதம் வாசலூர்பட்டி ஏரியின் படகுத்துறையில் அக்காவின் பேத்தியைப் படகில் ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒருவர் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார். அந்த வாசனையை என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கிப் பழம் தண்ணியில உழுகல. நாந்தான் தின்னுட்டேன்."

அவள் ஏரியைப் பார்த்தபடியே சொன்னாள். "தெரியும். கிட்ட வந்தப்ப உம்பட வாயெல்லாம் அதே வாசனதான்."

"அப்ப கல்லுன்னும்..."

"பழுத்த பழம்னா உனக்கு முன்னாடி அதோட வாசன வந்து நிக்குமே. நானென்ன மலையில பொறக்காதவளா?"

"தெரிஞ்சுமா இத்தன பேரு சிரிச்சப்பச் சும்மா இருந்த?"

"ஏமாந்து அறுத்தா அம்மன் பொறுத்துக்கும். கல்லுன்னு தெரிஞ்சேதான் காப்ப அறுத்தேன்னு சொன்னா, அந்தச் சின்னத் தங்கச்சி அப்பறந் தூங்குமா? சாமி கண்ணக் குத்தும்னு விடிய விடியக் கெடந்து அழுவாதா? நான் ஏமாந்தவளாவே இருந்துட்டுப் போறேன்னு உட்டுட்டேன்."

 அழுதேனா சிரித்தேனா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அவள் என் முதுகில் ஒன்று வைத்து, "போ கப்பலு, சுள வாங்கியா" என்றாள்.

வாங்கி வந்து நீட்டினேன். இந்த முறை பிரித்துப் பார்த்தாள். அன்று வெள்ளத்தில் எறியும்முன் அவள் ஏன் பிரித்துப் பார்க்கவில்லை என்று அந்தக் கரையில் நின்ற பையன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தில் அவன் அத்தனை மகிழ்ச்சியாக இருந்தான்.