நான் மறைத்த இரண்டு வரிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் பழைய மதராஸ் சாலையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே போய்விடுவேன்.

அப்போது ஈமெயில் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாகத்தான் வரும். எந்தெந்தக் கம்ப்யூட்டர் வழியாக வந்தது என்கிற விவரமே முதலில் பதினைந்து வரி ஓடும். "லெட்டர் எங்கப்பா? வெறும் குப்பையா இருக்கே" என்றார் மேனேஜர். அன்றே எல்லோருடைய திரையையும் மாற்றினேன். அனுப்பியவர், தலைப்பு, தேதி, இந்த மூன்று மட்டும் தெரியும். யார் யாருக்குப் போயிருக்கிறது என்று காட்டும் இரண்டு வரிகளும் போய்விட்டன. அது எனக்குத் தெரியும். திரை சுத்தமாக இருந்தது, விட்டுவிட்டேன். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பர்ச்சேஸ் பிரிவில் விவேக் நகரிலிருந்து வரும் ஓர் அக்கா இருந்தார். யாரிடமும் வீட்டுக் கதை பேசமாட்டார். ஒருநாள் சென்னை ஆபீஸ் அதிகாரி, சனிக்கிழமை பயிற்சிக்கு வர முடியாதவர்கள் காரணம் எழுதவும் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரே மெயில் அனுப்பினார். அக்காவின் திரையில் அந்த அதிகாரியின் பெயர் மட்டும்தான் தெரிந்தது. தனக்கு மட்டும் வந்த மெயில் என்று நினைத்து, கணவரைக் குடி நிறுத்தும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதை எழுதினார். எல்லோருக்கும் பதில் போகட்டுமா என்று மெஷின் கேட்டது. ஒருவர்தானே என்று, ஆமாம் என்பதற்கான 'ஒய்' எழுத்தை அழுத்திவிட்டார்.

நாற்பது பேர் படித்தோம்.

மேனேஜர் அக்காவை அழைத்தார். நானும் அந்த அறையில் இருந்தேன். "ஏனம்மா இது? இதெல்லாம் ஊருக்கே அனுப்புவாங்களா?"

"அவருக்கு மட்டும்தான் சார் அனுப்பினேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "சிஸ்டம்ல ஏதாவது தப்பா?"

"இல்ல சார். மெஷின் கேட்டுச்சு, அவங்கதான் ஒய் அழுத்தியிருக்காங்க."

அக்கா தலை நிமிரவே இல்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்த இரண்டு வரிகளையும் திரும்பக் கொண்டுவந்தேன். மறுநாள் அக்கா என் மேஜைக்கு வந்தார். "இப்போ யார் யாருக்குப் போகுதுன்னு மேலயே தெரியுதே. எனக்காகத்தானே தம்பி போட்டே? ரொம்ப தேங்க்ஸ்பா."

"பரவாயில்லக்கா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் மெயிலே அனுப்புவதில்லை. எதுவானாலும் துண்டுச் சீட்டில் எழுதி, நேரில் வந்து கொடுப்பார். அதையும் சிலர் கிண்டல் செய்தார்கள். ஆறு மாதத்தில் வேலையை விட்டார்.

சில வருடங்கள் கழித்து விவேக் நகர் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். கணவர் தேறிவிட்டதாகச் சொன்னார். அதைக் கேட்ட தைரியத்தில், அந்த இரண்டு வரிகளை முதலில் மறைத்ததே நான்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "அன்னிக்கு சார் கேட்டப்போ நீ பக்கத்துலதானே நின்னே?"

"ஆமாக்கா."

"நான்தான் முட்டாள்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.